அரசுப் பள்ளியில் சரஸ்வதி சிலை, வெள்ளிக்கிழமை பூஜை: வேண்டுமா, வேண்டாமா?

கரும்பலகை:
எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, ஆர்.ஓ. தண்ணீர் எல்லாம் செய்து கொடுக்கிறார்கள். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சரஸ்வதி சிலை, வெள்ளிக்கிழமைதோறும் காலை பிரேயரில் ஒரு பாட்டு, ஒரு தீபாராதனை. "யாருக்கும் கட்டாயம் இல்லை, இஷ்டப்பட்ட பிள்ளைகள் கும்பிடட்டும், மற்றவர்கள் சும்மா நிற்கட்டும்" என்கிறார் தலைமை ஆசிரியர். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வருகிறது.

நான் எதிர்க்கப் போகிறேன். சாமி கும்பிடாத ஆள் இல்லை நான். வீட்டில் விளக்கேற்றாமல் சாப்பிட உட்கார மாட்டோம், ஆடியில் கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனால் என் பையன் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள், சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, முன்னால் எச்.எம். நிற்கிறார், பி.டி. சார் விசிலோடு நிற்கிறார், சுற்றி எல்லோரும் கை கூப்புகிறார்கள். அந்த இடத்தில் அந்தப் பிள்ளைக்கு "இஷ்டம்" என்று ஒன்று எங்கே இருக்கிறது? பெரியவர்கள் நாமே ஆபீஸில் நடக்கிற ஆயுத பூஜையில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லத் தயங்குகிறோம்.

சட்டம் தெரிந்தவர்கள், ஆசிரியர்கள், வேறு ஊரில் இதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், கூட்டத்தில் அதைத்தான் நான் எதிர்கொள்ள வேண்டும்.

மேலூர்க்காரன்:
எதிர்க்கருத்து நான் சொல்கிறேன். சரஸ்வதி படிப்புக்கு உள்ள தெய்வம். பள்ளிக்கூடத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? நாங்கள் படித்த காலத்தில் நவராத்திரிக்கு வகுப்பறையைக் கழுவி, மாவிலை கட்டி, புத்தகத்தை அடுக்கி, பொரி சுண்டல் தின்றோம். எங்களோடு படித்த பாயும் தின்றான், அந்தோணியும் தின்றான், ஒருத்தரும் மதம் மாறிவிடவில்லை. இன்றைக்குப் பையன்கள் பையில் என்ன கொண்டு வருகிறான்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கூல் லிப் புகையிலை, கையில் சாதிக் கயிறு, ஆசிரியரை அடிக்கப் போகிறான். பயமும் பக்தியும் போனதால் வந்த வினை இது. வாரத்தில் பத்து நிமிஷம் சாமி கும்பிட்டால் குடிமுழுகிப் போகாது. காசு கொடுத்துக் கழிப்பறை கட்டித் தருகிறவர்களை விரட்டிவிடாதீர்கள்.

நெய்தல்:
வக்கீல் என்ற முறையில் சட்டத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்புப் பிரிவு 28(1): முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை எதுவும் கூடாது. அதில் "விரும்பினால்" என்ற சலுகை கிடையாது. 28(3)தான் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது, அது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும். அங்கே ஒரு பிள்ளையை வழிபாட்டிலோ சமய வகுப்பிலோ சேர்க்க வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, சம்மதம் கொடுத்தால்தான் சேர்க்கலாம். அறக்கட்டளை தொடங்கி அரசு நிர்வகிக்கிற சில நிறுவனங்களுக்கு 28(2)ல் விலக்கு உண்டு, உங்கள் பள்ளி அதில் வராது.

இந்தப் பிரிவு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் சொன்ன காரணங்களைப் படித்துப் பாருங்கள். எந்த மதத்தை வளர்க்கவும் வரி போடக் கூடாது என்று ஒரு பிரிவை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டாயிற்று, அப்புறம் அதே வரிப்பணத்தில் ஒரு மதத்தைப் போதிப்பது முரண். இந்த நாட்டில் இருக்கிற அத்தனை மதத்துக்கும் ஒரு பள்ளியில் இடம் கொடுக்க நடைமுறையில் முடியாது. மூன்றாவது, ஒவ்வொரு மதமும் தன் வழிதான் சரி என்று சொல்கிறது, அந்தச் சண்டை பள்ளிக்குள் வரும். இன்றைக்கும் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று. போதனை வேறு, மதங்களைப் பற்றிக் கற்பது வேறு. தேசியப் பாடத்திட்ட வரைவை எதிர்த்த அருணா ராய் வழக்கில் 2002ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே சொல்லி, மதங்களைப் பற்றிப் பாடம் வைப்பதில் தவறில்லை என்றது. அதனால் "பள்ளியில் மதம் என்ற பேச்சே வரக்கூடாது" என்று கூட்டத்தில் பேசிவிடாதீர்கள், அது சட்டமும் இல்லை.

இன்னொரு சிக்கலையும் மறைக்க வேண்டாம். தீபாராதனை "வழிபாடு" தானே, "போதனை" இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கும். 28(1)ல் போதனை என்ற சொல்தான் இருக்கிறது, வழிபாடு என்பது 28(3)ல்தான் தனியாக வருகிறது. இந்த இடைவெளியில்தான் கேந்திரிய வித்யாலயா வழக்கே நிற்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பனங்காட்டான்:
எல்லாம் சரி வக்கீல் சார், நான் படித்தது கிறிஸ்தவ எய்டட் ஸ்கூல். காலையில் ஜெபம், மதியம் ஜெபம், வருஷக் கடைசியில் சர்ச்சில் திருப்பலி. ஆசிரியர் சம்பளம் மொத்தமும் அரசு கஜானா. என் அப்பாவிடம் யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கியதில்லை. அப்போதெல்லாம் பிரிவு 28 எங்கே போயிருந்தது? இந்து சாமி என்றால் மட்டும் எல்லோருக்கும் அரசியலமைப்பு ஞாபகம் வருகிறது, இதுதான் எங்களுக்கு எரிச்சல்.

கரும்பலகை:
எரிச்சலில் நியாயம் இருக்கிறது அண்ணே, நான் அதை ஒதுக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் உங்களை ஜெபத்தில் நிறுத்தியது தப்பு, அந்தப் பள்ளியை யார் நடத்தினாலும் தப்பு. அதற்குப் பரிகாரம் அங்கே 28(3)ஐ அமல்படுத்துவது. இங்கே 28(1)ஐ மீறிக் கணக்கை நேர் செய்வதால் உங்களுக்கு அன்று நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கும், அவ்வளவுதான்.

பனங்காட்டான்:
அப்படி வெளிப்படையாகச் சொன்னால் நான் உங்கள் பக்கம் வருவேன். சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை.

சாக்பீஸ்:
அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராமநாதபுரம் பக்கம், அப்புறம் திண்டுக்கல் பக்கம். வகுப்பறைக்குள் மதம் எப்படி வரும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் விவாதம் எல்லாம் சட்டப்புத்தகத்திலும் டி.வி.யிலும் நடக்கிறது, வகுப்பறையில் நடப்பது வேறு.

கார்த்திகை பிறந்தால் நாலைந்து பையன்கள் மாலை போட்டுக்கொண்டு வருவார்கள். கறுப்பு வேட்டி, செருப்பு இல்லை, நெற்றி நிறையச் சந்தனம். சீருடை இல்லையே என்று ஒரு எச்.எம். கூடத் திருப்பி அனுப்பியதில்லை. நாங்களும் அவர்களைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவோம், அடிக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு முஸ்லிம் பையன்கள் ஜும்மாவுக்குப் போக அனுமதி கேட்பார்கள், அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் புதுப் பாடம் ஆரம்பிப்பேன். நோன்பு நாளில் விளையாட்டு பீரியடில் நிழலில் உட்காரச் சொல்வோம். இதற்கெல்லாம் யாரும் அரசாணை போடவில்லை. பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டு வருகிற மதம் இது, பள்ளி அதற்குக் கொஞ்சம் இடம் விட்டது, அவ்வளவே.

பள்ளியே ஒரு சாமியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தால் கதை மாறிவிடுகிறது. மேலூர்க்காரன் ஐயா சொன்ன அதே சரஸ்வதி பூஜையை நானும் எத்தனையோ வருஷம் முன்னின்று நடத்தியிருக்கிறேன், பொரியை எல்லோரும் தின்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் பொட்டலம் கட்டுகிற நேரம் வேறு, தட்டு வருகிற நேரம் வேறு. தீபத்தட்டு வரிசையாக வரும். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருநீறு எடுத்து இட்டுக்கொள்ளும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை, எட்டாம் வகுப்பு, தட்டு பக்கத்தில் வரும்போது கீழே குனிந்து செருப்பு வாரைச் சரி செய்யும். ஒரு நாள் பார்த்தால் தற்செயல். ஒவ்வொரு வருஷமும் அதே பிள்ளைக்கு அதே நேரத்தில் வார் அவிழுமா? பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் "டீச்சர், இவ சாமி கும்பிட மாட்டா" என்று கத்துவார்கள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் காது சிவந்துவிடும்.

1986ல் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று ஒன்று. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பை முடிக்கும்போது, நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்ற பொருளில் எழுதினார். தேசிய கீதத்துக்கே அந்த இடம் உண்டு என்றால் தீபாராதனைக்கு இல்லாமல் போகுமா? ஆனால் நீதிமன்றம் வரை போகிற குடும்பம் எத்தனை? மற்ற பிள்ளைகள் எல்லாம் செருப்பு வாரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

மேலூர்க்காரன்:
ஐயா, நீங்கள் பெரியவர், மரியாதையோடு கேட்கிறேன். ஒரு பிள்ளை குனிந்தது என்பதற்காக முந்நூறு பிள்ளைகள் கும்பிடுவதை நிறுத்த வேண்டுமா? பெரும்பான்மை என்று ஒன்று கிடையாதா?

சாக்பீஸ்:
அந்த முந்நூறு பேருக்கு வீட்டில் பூஜை அலமாரி இருக்கிறது, தெருமுனையில் பிள்ளையார் இருக்கிறார், ஊரில் கோயில் இருக்கிறது. ஒன்றும் குறையப் போவதில்லை தம்பி. அந்த ஒரு பிள்ளைக்கு ஊரில் இருப்பது அந்த ஒரே அரசுப் பள்ளி.

வல்லிபுரம்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நாட்டில் இது வேறு மாதிரி, அதையும் கேளுங்கள். இங்கே அரசாங்கப் பாடசாலையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். தரம் 1 முதல் 11 வரை, சாதாரண தரப் பரீட்சையிலும் எழுத வேண்டும். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, மற்றவர்களுக்குக் கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று அவரவர் சமயம். கேட்கும்போது நீதியாகத்தான் படும். ஒருவர் சமயம் ஒருவர் மீது திணிக்கப்படவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், சைவப் பிள்ளைகள் நிறைந்த ஒரு சிறிய பாடசாலையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கென்று ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது. சமய பாட நேரத்தில் அந்தப் பிள்ளைகள் பின் வாங்கில் (கடைசி பெஞ்சில்) இருந்து வேறு புத்தகம் பார்க்கும், அல்லது நூலகத்துக்குப் போகும். நான் படித்த காலத்தில் என் சிநேகிதி அப்படித்தான் இருந்தாள், பரீட்சைக்குப் பங்குத் தந்தையிடம் போய்ப் படித்தாள். இன்னொன்று, பதினொரு வருடம் படித்த பிறகும் எனக்கு இஸ்லாத்தைப் பற்றி ஒரு வரி தெரியாது, முஸ்லிம் பிள்ளைக்குத் தேவாரத்தைப் பற்றித் தெரியாது. அவரவர் அறைக்குள் அவரவர் சமயம். இவ்வளவு பட்ட ஒரு நாட்டில் ஆளை ஆள் அறியாமல் வளருகிறது நல்லதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இது ஏன் வந்தது என்பதும் விளங்க வேண்டும். மிஷன் பாடசாலைகளில் படிப்பு வேண்டுமென்றால் வேதாகமமும் கூடவே வரும் என்றிருந்த காலத்தில்தான் ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரே மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பிலும் உதவியவர். பாடசாலையில் யாருடைய கடவுள் என்ற கேள்வி எங்களுக்குப் பழைய காயம். சமயத்தைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொன்னால் இங்கே எல்லாத் தரப்பும் பதறும்.

நெய்தல்:
நன்றி வல்லிபுரம். இந்தியாவில் "எல்லா மதத்துக்கும் தனித்தனி வகுப்பு வையுங்கள், அதுதான் சமத்துவம்" என்று சொல்கிறவர்களுக்கு உங்கள் பதிவைக் காட்ட வேண்டும். அந்தப் பின் வாங்கு இங்கேயும் வரும்.

சரி, கே.வி. வழக்கு. கேந்திரிய வித்யாலயாக்கள் முழுக்க மத்திய அரசு நடத்துபவை. காலைக் கூட்டத்தில் "அசதோ மா சத்கமய" என்று தொடங்கும் சமஸ்கிருத வரிகள் உண்டு, கை கூப்பி, கண் மூடி. இது 28(1)க்கு எதிரானது என்று ஒரு பெற்றோர் வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் நீதிபதி ரோஹின்டன் நாரிமன் இருந்த அமர்வு, இது பெரிய அமர்வு பார்க்க வேண்டிய விஷயம் என்று அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. அந்த வரி பிருகதாரண்யக உபநிடதத்தில் இருப்பது. "பொய்மையிலிருந்து மெய்மைக்கு" என்று சொல்வதில் என்ன மதம் இருக்கிறது, உச்ச நீதிமன்றத்தின் இலச்சினையில் இருக்கும் வாசகமே மகாபாரதத்தில் வருவதுதானே என்று அரசுத் தரப்பு கேட்டது. வலுவான வாதம்தான். ஒரு வரியின் பிறப்பிடத்தை மட்டும் வைத்து அது மதமா இல்லையா என்று தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் என் பதில் இது: சுவரில் எழுதியிருக்கிற வாசகத்தை யாரும் கண்ணை மூடிக் கை கூப்பிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் உடம்பை அந்த நிலையில் நிறுத்தும்போது அது வாசகம் இல்லை, வழிபாடு.

ஆகவே கரும்பலகை, "சட்டம் தெளிவாகத் தடுக்கிறது, விவாதமே தேவையில்லை" என்று கூட்டத்தில் அடித்துப் பேசாதீர்கள். 28(1) உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, வழிபாட்டைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தென்றல்பெண்:
ஹிஜாபைப் பற்றி யாரும் பேசவில்லையே. சாக்பீஸ் ஐயா சொன்ன கறுப்பு வேட்டிப் பையனை உள்ளே விட்ட அதே நாட்டில்தான் உடுப்பி அரசு பி.யூ. கல்லூரியில் (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) தலையில் துணி போட்ட பெண்களை வாசலில் நிறுத்தினார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை செல்லும் என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார், சுதான்ஷு துலியா ஏற்கவில்லை. ஏற்கெனவே ஆயிரம் தடையைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிற பெண்பிள்ளையின் வாழ்க்கையை நாம் எளிதாக்குகிறோமா என்று துலியா கேட்டது எனக்கு முக்கியம். நான் புர்கா போட்டுக் கல்லூரிக்குப் போனவள். போடாவிட்டால் வீட்டில் அனுப்பியிருக்க மாட்டார்கள். அனுப்பியதால் படித்தேன், இன்று வேலை பார்க்கிறேன். பள்ளி சாமி கும்பிடச் சொல்வதும் பிள்ளை தன் நம்பிக்கையோடு வருவதும் ஒன்றில்லை. இரண்டையும் "மதம்" என்று ஒரே கூடையில் போட்டுத் தடை செய்தால் அடிபடுவது எங்கள் வீட்டுப் பெண்கள்.

பனங்காட்டான்:
அப்படியானால் நெற்றிப் பொட்டுக்கும் அதே நியாயம்தானே? நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024ல் கொடுத்த அறிக்கையில், கலர் கயிறு, மோதிரத்தோடு நெற்றித் திலகத்தையும் தடுக்கச் சொன்னார்கள்.

சாக்பீஸ்:
நாங்குநேரியில் 2023ல் நடந்தது என்ன என்று மறக்க வேண்டாம். கூடப் படித்த பையனை, சாதியைச் சொல்லி, வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தென் மாவட்டப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கயிற்றின் கலரும் பொட்டின் நிறமும் யார் எந்தச் சாதி என்று காட்டுகிற அடையாளமாக அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கயிற்றை எடு என்றால் பொட்டுக்குத் தாவும், பொட்டை எடு என்றால் சைக்கிள் ஸ்டிக்கருக்குத் தாவும். கமிட்டியின் கவலை நியாயமானது. ஆனாலும் திருநீறு, குங்குமம், தொப்பி, சிலுவைச் சங்கிலி இவற்றில் கை வைக்காமல், சாதிக்கென்று கட்டுகிற கயிற்றை மட்டும் குறிவைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வித்தியாசம் தெரியாத ஆசிரியர் யாரும் அங்கே இல்லை. தென்றல்பெண் சொன்ன நியாயம் பொட்டுக்கும் பொருந்தும், பனங்காட்டான் சொல்வது சரி.

லோன்ஸ்டார் தமிழன்:
டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், பிள்ளைகள் பப்ளிக் ஸ்கூலில் படிக்கிறார்கள். டெக்சாஸில் 2025ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பொதுப்பள்ளி வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை, குறைந்தது 16க்கு 20 அங்குலத்தில், மாட்ட வேண்டும். வழக்கு நடந்து சில பள்ளி மாவட்டங்களில் தடையும் வந்தது. முதல் கட்டளை நம் தமிழ் பைபிளில் "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்று இருக்கும். அடுத்தது சிலை செய்யாதே என்பது. வீட்டில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகிற என் பெண், வருஷம் முழுக்க அந்தப் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். யாரும் அவளைப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லைதான். சுவரில் இருந்தால் போதுமே.

மேலூர்க்காரன் அண்ணாவுக்கு இங்கே இரண்டு வழக்கு பொருந்தும். 1962ல் எங்கல் எதிர் விடாலே. நியூயார்க் அரசு எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபம், எந்தக் கடவுள் என்றுகூடச் சொல்லாது, விருப்பமில்லாதவர்கள் பேசாமல் இருக்கலாம், வெளியே போகலாம். அதுவும் செல்லாது என்றது இங்குள்ள உச்ச நீதிமன்றம். 1980ல் கென்டக்கியில் இதே பத்துக் கட்டளைகள், அரசுப் பணம் இல்லை, நன்கொடையில் வாங்கி மாட்டியது. அதுவும் செல்லாது என்றார்கள். "கட்டாயம் இல்லை", "நன்கொடைதானே" என்ற உங்கள் ஊர் வாதம் இரண்டுமே இங்கே கேட்டுப் பார்த்தவை. உண்மையைச் சொன்னால், 2022ல் ஒரு பொதுப்பள்ளி ஃபுட்பால் கோச் மைதானத்தில் ஜெபித்த வழக்கில் அவர் ஜெயித்த பிறகு இங்கே காற்று மாறி அடிக்கிறது, பழைய தீர்ப்புகள் எத்தனை நாள் நிற்கும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. நாங்கள் இங்கே சிறுபான்மை. ஊரில் பெரும்பான்மையாக இருந்தபோது இது உறைத்ததே இல்லை.

மேலூர்க்காரன்:
டெக்சாஸ் தம்பி சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை, உங்கள் பெண் அந்தப் போஸ்டருக்குக் கீழே உட்காரக் கூடாதுதான். ஆனாலும் என் ஆதங்கம் தீரவில்லை. மதத்தை மொத்தமாக வெளியே வைத்தால் பிள்ளைக்கு எது சரி, எது தப்பு என்று யார் சொல்லிக் கொடுப்பது? அப்பா ராத்திரி பத்து மணிக்கு வருகிறார், அம்மா மில்லுக்குப் போகிறாள். செல்போன் சொல்லித் தருகிறது. நல்லொழுக்கம் என்று பேச ஆள் இல்லாத இடத்தில்தான் அசோக் நகர் பள்ளி மாதிரிப் பேச்சாளர்கள் உள்ளே வருகிறார்கள்.

சாக்பீஸ்:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள் தம்பி. 2024ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைத்தார்கள். வந்தவர் முற்பிறவிப் பாவத்தால்தான் இந்தப் பிறவியில் கண் இல்லாமல், கை கால் இல்லாமல் பிறக்கிறார்கள் என்கிற மாதிரி பேசினார். அங்கேயே இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் எழுந்து கேள்வி கேட்டார். கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். பிறகு தலைமை ஆசிரியர் மாற்றம், பேச்சாளர் கைது என்று போனது. கைது தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் அன்று எழுந்து நின்றாரே, அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டது பெரிய ஒழுக்கப் பாடம்.

ஒழுக்கம் சொல்லித்தர நம்மிடம் சரக்கு இல்லையா? காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், உறுதிமொழி எல்லாம் இருக்கின்றன. அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களையும் ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடமாக வைக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016ல் தீர்ப்பே கொடுத்தது. குறளை ஒப்பித்து இரண்டு மதிப்பெண் வாங்குவதோடு விட்டுவிடுகிறோம், அது எங்கள் ஆசிரியர் கூட்டத்தின் குறை. "இன்னாசெய் தாரை ஒறுத்தல்" குறளை எடுத்துக்கொண்டு, நேற்று கிரவுண்டில் சண்டை போட்ட இரண்டு பேரை எழுப்பி, இதில் நீ என்ன செய்திருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பீரியட் போவதே தெரியாது.

மதத்தை வெளியே வைக்கிறோம் என்பதும் சரியில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பெருமாள் திருமொழி இருக்கிறது, திருவிளையாடற் புராணம் இருக்கிறது, தேம்பாவணி இருக்கிறது. பதினொன்றில் சீறாப்புராணம். கருணையன் தாயை அடக்கம் செய்துவிட்டு அழுகிற தேம்பாவணிப் பாட்டை நான் நடத்தும்போது முஸ்லிம் பிள்ளையும் அழும், திருநீறு பூசிய பிள்ளையும் அழும். "வாளால் அறுத்துச் சுடினும்" நடத்தும்போது ஜெபக்கூட்டத்துக்குப் போகிற பையன்தான் முதலில் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தான், அவன் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இதில் யாரும் குனிய வேண்டியதில்லை, ஏனென்றால் நான் யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. இதுதான் எனக்குத் தெரிந்த எல்லைக்கோடு.

தென்றல்பெண்:
உண்மை சார். எனக்குக் கம்பராமாயணம் பிடித்ததே தமிழ் அம்மா நடத்தியதால்தான். அந்த வகுப்பில் நான் வெளியாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கூட்டத்தில் எல்லோரும் எழுந்து ஸ்லோகம் சொன்ன ஆண்டு விழாவில் தோன்றியது.

கரும்பலகை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று தலைமை ஆசிரியரையும், நன்கொடை தருகிற முன்னாள் மாணவர்களில் இரண்டு பேரையும் நேரில் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் திடீரென்று எதிர்த்தால் அவர்களை அவமானப்படுத்தியது மாதிரி ஆகிவிடும். வக்கீல் சொன்னபடி உள்ளதை உள்ளபடி சொன்னேன். செருப்பு வார் கதையையும் சொன்னேன். அவர்களில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "நம்ம செட்டில் சபைக்குப் போற புள்ள ஒண்ணு பூஜை அன்னிக்கு மட்டும் லீவு போடும்ல, அது இதுக்குத்தானா" என்று இன்னொருவரைக் கேட்டார். மற்றவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியம், பள்ளிக்குக் கொடுத்தால் கேள்வியா என்கிறார்.

நான் எழுதி வைத்திருக்கும் தீர்மானம் இது. சட்டத்திலும் மொழியிலும் குறை இருந்தால் கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள்.

"பள்ளி வளாகத்தில் எந்தச் சமயத்தின் வழிபாட்டுச் சிலையும் படமும் புதிதாக வைப்பதில்லை. காலைக் கூட்டத்திலும் பள்ளி விழாக்களிலும் வழிபாடு நடத்துவதில்லை. மாணவர்கள் தங்கள் சமய வழக்கப்படி மாலை, தொப்பி, திருநீறு, சிலுவை, தலைத்துணி அணிந்து வருவதையும், நோன்பு, தொழுகை போன்றவற்றுக்கு அனுமதி கேட்பதையும் பள்ளி மதிக்கும். வெளியாள் எவரும் மாணவரிடையே பேசுவதற்கு முன், பேசப்போகும் பொருளை மேலாண்மைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். நன்கொடையாளர் பெயர்கள் புதிய கட்டடத்தின் முகப்பில் கல்வெட்டாக வைக்கப்படும். சிலைக்கென ஒதுக்கிய தொகையில் நூலகத்துக்கு அலமாரியும் நூல்களும் வாங்க நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொள்வது."

நெய்தல்:
"புதிதாக" என்ற சொல்லை வைத்திருக்கிறீர்கள். எச்.எம். அறையில் ஏற்கெனவே சாமி படம் இருக்கிறதா?

கரும்பலகை:
இருக்கிறது. பிள்ளையார், முருகன், ஒரு காலண்டர் மாதா. ஏற்கெனவே இருப்பதைக் கழற்றச் சொன்னால் சிலை விஷயமும் சேர்ந்து தோற்றுவிடும். முதலில் பிள்ளைகள் நிற்கிற இடத்தைப் பார்ப்போம் என்று விட்டிருக்கிறேன்.

மேலூர்க்காரன்:
மாலை போட்ட பையனை மதிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. சிலை வேண்டாம் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் நூலக அலமாரி வாங்கினால் முதல் தட்டில் தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் இருக்க வேண்டும், தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தில் என் பங்கும் அனுப்புகிறேன்.

கரும்பலகை:
சேர்த்துவிடுகிறேன் அண்ணே. சீறாப்புராணம், தேம்பாவணி, மணிமேகலையும் அதே தட்டில் இருக்கும். கூட்டம் முடிந்ததும் முடிவை இங்கேயே போடுகிறேன்.